பழைய காருக்கு ஆயிரம் கோடி ரூபாய்!

"விற்க மாட்டேன்" என்பவர்களிடம் நடக்கும் பேரம்

புதுக் கார் வாங்குவது எளிது. கையில் பணம் இருந்தால் போதும். கடைக்காரர் வாசல் வரை வந்து வரவேற்பார். குடிக்க காபி கொடுப்பார்.

ஆனால் 60 ஆண்டு, 70 ஆண்டு ஆன அபூர்வக் கார்களை வாங்குவது அப்படி அல்ல. பணம் இருக்கும். வாங்க ஆசை இருக்கும். காருக்குச் சொந்தக்காரர் மட்டும் "விற்க மாட்டேன், போய் வா" என்பார்!

அவரை "சரி" என்று சொல்ல வைப்பது ஒரு பெரிய வித்தை. சிலர் நேர் வழியில் அதைச் செய்கிறார்கள். சிலர் ஏமாற்றிச் செய்கிறார்கள். இரண்டையும் தெரிந்து கொள்ள வேண்டியவர்கள் கோடீசுவரர்கள் மட்டும் அல்ல. கொட்டகையில் தாத்தாவின் கார் தூங்குகிற வீடுகள் நம் ஊரிலும் உண்டு.

இரகசிய ஏலம்

2022-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி. ஜெர்மனி நாட்டில் ஸ்டட்கார்ட் நகரம். அங்கே மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியின் கார்க் காட்சி சாலை இருக்கிறது. அதற்குள் ஓர் ஏலம் நடந்தது. அழைப்பு பெற்றவர்கள் மட்டுமே உள்ளே போக முடிந்தது.

ஏலத்துக்கு வந்தது ஒரே ஒரு கார். 1955-ல் செய்தது. "300 எஸ்.எல்.ஆர்." என்ற வகையைச் சேர்ந்தது.

அது என்ன விலைக்குப் போயிற்று தெரியுமா? 13 கோடியே 50 லட்சம் ஈரோ! நம் பணத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கும் அதிகம். அதற்கு முன் எந்தக் காரும் ஏலத்தில் இவ்வளவு விலை போனது இல்லை. 2018-ல் ஒரு பெராரி கார் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதைத்தான் அதுவரை மலைப்போடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் காருக்கு ஏன் இத்தனை மதிப்பு?

இதைப் போல் இரண்டே இரண்டு கார்கள்தான் செய்யப்பட்டன. பந்தயத்தில் ஓட்டுவதற்காகச் செய்தார்கள். ஆனால் பந்தயத்தில் ஓடவே இல்லை. 1955-ல் பிரான்சு நாட்டில் லெமான்ஸ் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்தில் பாய்ந்தது. 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டின் முடிவில் மெர்சிடிஸ் கம்பெனி கார்ப் பந்தயத்தை விட்டே விலகியது.

காரை உருவாக்கிய என்ஜினீயர் உலன்ஹாட், இரண்டில் ஒன்றைத் தம் சொந்த உபயோகத்துக்கு ஓட்டினார். பிறகு இரண்டும் கம்பெனியின் பொக்கிஷம் ஆயின. அவற்றை விற்பது என்ற பேச்சே எழவில்லை.

18 மாதப் பேச்சு

அப்படிப்பட்ட காரை எப்படி விற்றார்கள்?

சைமன் கிட்ஸ்டன் என்பவர் பழைய கார்களைப் பற்றி நன்றாக அறிந்தவர். பெரும் பணக்காரர்களுக்குக் கார் வாங்க யோசனை சொல்கிறவர். அவர் கம்பெனியாரிடம் பேச ஆரம்பித்தார். ஒரு நாள் இரு நாள் அல்ல. 18 மாதங்கள்! கடைசியில் கம்பெனி இணங்கியது. ஏலத்தில் வென்றவரும் அவரே. தம் கட்சிக்காரர் ஒருவருக்காக அவர் கேட்டார். அந்தக் கட்சிக்காரர் பெயர் வெளியிடப்படவில்லை.

பணம் மட்டும் இந்தக் காரியத்தைச் செய்யவில்லை. கம்பெனியிடம் பணத்துக்கா பஞ்சம்? விற்பனையின் முடிவைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

வந்த பணத்தைக் கொண்டு இளைஞர்களின் கல்விக்கு உதவும் நிதி ஒன்று தொடங்கப்பட்டது. காரை வாங்கியவர், விசேஷ நாட்களில் மக்கள் பார்ப்பதற்கு அதை வைக்க ஒப்புக்கொண்டார். இரண்டாவது கார் கம்பெனியிடமே இருக்கிறது.

"விற்க மாட்டேன்" என்பவர் மனதில் பெரும்பாலும் மூன்று கேள்விகள் இருக்கும். கார் எங்கே போகும்? அதை வாங்குகிறவர் மதித்து வைத்துக் கொள்வாரா? விற்ற பிறகு ஊரார் என்ன சொல்வார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால்தான் நான்காவது கேள்வி வரும். "என்ன விலை?" என்பது அந்த நான்காவது கேள்வி!

கடிதம் எழுதிய ஆலை முதலாளி

இன்னொரு கதை. இது பிரான்சு நாட்டில் முல்ஹவுஸ் நகரில் நடந்தது.

அங்கே ஹான்ஸ், பிரிட்ஸ் என்று இரு சகோதரர்கள். சிலும்ப் என்பது குடும்பப் பெயர். கம்பளி நூல் ஆலைகள் வைத்திருந்தார்கள். தம்பி பிரிட்சுக்குக் கார் பைத்தியம். அதிலும் "புகாட்டி" என்ற கார் என்றால் உயிர்.

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஒரு வேலை செய்தார். புகாட்டி கார் வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியலைப் பிடித்தார். ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டார். "உங்கள் காரை விற்பீர்களா? என்ன விலை?" என்று கேட்டார்.

எல்லாருமா விற்பார்கள்? பலர் மறுத்தார்கள். ஆனால் கடிதம் போய்க்கொண்டே இருந்தது. ஒருவருக்குப் பணமுடை வரும். ஒருவர் வீடு மாறுவார். ஒருவருக்கு வயதாகும். அந்தச் சமயத்தில் பிரிட்சின் கடிதம் மேசை மேல் இருக்கும்!

1963-ல் புகாட்டி தொழிற்சாலையிலேயே எஞ்சியிருந்த 18 கார்களை அவர் வாங்கினார்.

அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் ஷேக்ஸ்பியர் என்ற பெயர் கொண்ட ஒருவர் இருந்தார். நாடகம் எழுதிய ஷேக்ஸ்பியர் அல்ல. இவர் கார் சேர்த்தவர். 30 புகாட்டி கார்கள் அவரிடம் இருந்தன. உலகத்திலேயே மிகச் சில மட்டும் செய்யப்பட்ட "ராயல்" என்ற பெரிய புகாட்டியில் ஒன்றும் அதில் சேர்ந்தது.

அவர் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலை சொன்னார். பிரிட்ஸ் உடனே பணத்தை நீட்டவில்லை. விஷயம் தெரிந்த ஓர் ஆளை அனுப்பிக் கார்களைப் பார்க்கச் சொன்னார். பல கார்கள் கவனிப்பு இல்லாமல் கெட்டுக் கிடந்தன என்று பதில் வந்தது. அதைச் சொல்லி விலையைக் குறைத்தார். கடிதங்கள் கடலைத் தாண்டிப் போயின, வந்தன. கடைசியில் 85 ஆயிரம் டாலருக்குப் பேரம் முடிந்தது.

1964-ல் 30 கார்களும் ரெயிலில் ஏற்றப்பட்டன. பிறகு கப்பலில் ஏறிப் பிரான்சு போய்ச் சேர்ந்தன.

தொழிலாளர்கள் கண்ட காட்சி

சகோதரர்கள் இந்தக் கார்களை ஊராருக்குக் காட்டவில்லை. தங்கள் பழைய ஆலை ஒன்றில் பூட்டி வைத்தார்கள். உள்ளே அழகான விளக்குக் கம்பங்களை நிறுத்தி, அரண்மனை போல் அலங்கரித்தார்கள்.

வெளியே ஆலைத் தொழில் நலிந்தது. 1976-ல் தொழிலாளர்களுக்கு வேலை போக ஆரம்பித்தது. போராட்டம் மூண்டது. சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள்.

1977 மார்ச் மாதம் தொழிலாளர்கள் பூட்டிய கட்டிடத்துக்குள் நுழைந்தார்கள். உள்ளே 400-க்கும் மேற்பட்ட கார்கள்! பளபளவென்று வரிசையாக நின்றன. அவற்றில் 100-க்கும் மேற்பட்டவை புகாட்டி.

வேலை இழந்து நிற்கிறவன் அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஒரு சிறிய பழைய காரை வெளியே இழுத்து வந்து கொளுத்தினார்கள். ஆனால் மற்றக் கார்களை நாசம் செய்யவில்லை. கட்டிடத்தைக் கைப்பற்றி, "தொழிலாளர் காட்சி சாலை" என்று பெயர் வைத்தார்கள். இரண்டு ஆண்டு காலம் அது அவர்கள் கையில் இருந்தது. பொதுமக்கள் வந்து பார்த்தார்கள்.

1978-ல் அந்தத் தொகுப்பைப் பிரிக்கக் கூடாத நாட்டுச் சொத்தாகப் பிரெஞ்சு அரசாங்கம் அறிவித்தது. 1981-ல் நகர சபையும் மற்ற அமைப்புகளும் சேர்ந்த ஒரு சங்கம் 4 கோடியே 40 லட்சம் பிராங்கு கொடுத்து அதை வாங்கியது. 1982-ல் அது தேசிய கார்க் காட்சி சாலையாகத் திறக்கப்பட்டது.

பேரத்தில் பிரிட்ஸ் சூரர். 30 கார்களை மலிவாக வாங்கினார். ஆனால் காரைக் கவனித்த கண், தன் ஆலையில் நூல் நூற்றவர்களைக் கவனிக்கவில்லை. கடைசியில் காரும் அவரிடம் தங்கவில்லை.

பத்திரிகைக் கட்டுக்குக் கீழே பெராரி

மூன்றாவது கதையும் பிரான்சில்தான்.

ரோஜர் பாய்லோன் என்பவர் லாரிக் கம்பெனி நடத்தினார். 1950-களில் பழைய கார்களைச் சேர்க்க ஆரம்பித்தார். பெரிய காட்சி சாலை கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. 1970-களில் தொழில் நொடித்தது. 50 கார்கள் வரை விற்க வேண்டி வந்தது. மிச்சம் இருந்த கார்களைத் தம் பண்ணையில் தகரக் கொட்டகைகளின் கீழ் விட்டார். பழுது பார்க்கப் பணம் இல்லை. விற்கவும் மனம் இல்லை.

மழை பெய்தது. செடி கொடி படர்ந்தது. வருஷங்கள் ஓடின. அவர் காலம் முடிந்தது. பேரப்பிள்ளைகள் ஏலக் கம்பெனிக்குத் தகவல் கொடுத்தார்கள்.

2014-ல் ஏலக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒரு கொட்டகையில் பழைய பத்திரிகைக் கட்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றை எடுத்தால் கீழே ஒரு பெராரி கார்! நடிகர் அலென் டெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த கார் அது.

2015 பிப்ரவரியில் பாரிஸ் நகரில் 59 கார்கள் ஏலத்துக்கு வந்தன. அந்தப் பெராரி மட்டும் 1 கோடியே 62 லட்சம் ஈரோவுக்கு மேல் போயிற்று. நம் பணத்தில் 100 கோடி ரூபாய்க்கு மேல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் கண்ட தரகரிடம் மொத்தமாக விலை பேசவில்லை. ஊர் அறியப் பகிரங்க ஏலம் விட்டார்கள். காரின் உண்மையான விலை ஏலத்தில் தெரிந்தது.

திருகாணிக்கும் கிராக்கி

முழுக் கார் கிடைக்காதபோது உறுப்புகளைத் தேடுகிறார்கள். இதுவும் பெரிய வியாபாரம்.

காரோடு பிறந்த உறுப்புக்கு ஒரு மதிப்பு. பிறகு மாற்றிய உறுப்புக்கு வேறு மதிப்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கலாம். ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? காரின் அடிச்சட்டத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். அதற்கு "சேசிஸ் நம்பர்" என்று பெயர். என்ஜினிலும் ஓர் எண் இருக்கும். தொழிற்சாலையில் இருந்து வெளிவந்தபோது எந்த என்ஜின் இருந்ததோ, அதே என்ஜின் இன்னும் இருந்தால் அந்தக் காருக்கு மவுசு அதிகம்.

நம் நாட்டில் என்ன நடந்தது? பெட்ரோல் செலவுக்குப் பயந்து பலர் பழைய என்ஜினைக் கழற்றி டீசல் என்ஜின் வைத்தார்கள். கழற்றிய என்ஜின் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. முன் விளக்கு, கடிகாரம், கைப்பிடி எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. அந்தக் காலத்தில் அது குற்றம் அல்ல. கார் ஓடினால் போதும் என்று நினைத்தார்கள்.

இன்று அதே விளக்கைத் தேடிச் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

2021-ம் ஆண்டு இந்தியாவில் பழைய வண்டிகளைப் பற்றி இரண்டு காரியங்கள் நடந்தன.

ஜூலையில் மத்திய அரசாங்கம் ஒரு விதி கொண்டு வந்தது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட காரும் மோட்டார் சைக்கிளும் "விண்டேஜ்" வண்டி ஆகும். ஆனால் அடிச்சட்டம், கூடு, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட வண்டியைப் புதிதாகப் பதிவு செய்ய 20 ஆயிரம் ரூபாய் கட்டணம். 10 ஆண்டு வரை செல்லும். மறுபடி பதிவு செய்ய 5 ஆயிரம் ரூபாய். நம்பர் பலகையில் "வி.ஏ." என்ற எழுத்துகள் இருக்கும். ஏற்கெனவே பதிவு உள்ள வண்டி பழைய நம்பரையே வைத்துக் கொள்ளலாம். கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது.

அடுத்த மாதமே, ஆகஸ்டில், பழைய வண்டிகளை உடைத்து இரும்பாக்கும் திட்டம் தொடங்கியது. சோதனையில் தேறாத வண்டிகள் சாலையை விட்டுப் போக வேண்டும் என்பது இதன் நோக்கம்.

புகை கக்கும் வண்டியைக் கழிப்பது நல்லதே. ஊரார் சுவாசிக்கும் காற்று முக்கியம். ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள்.

சொந்தக் காரின் முதல் பதிவு 15 ஆண்டு வரை செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதற்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. 15-வது வயதில் கார் "கிழடு" ஆகிறது. 50-வது வயதில் "பொக்கிஷம்" ஆகிறது. நடுவே 35 ஆண்டுகள்!

அந்த 35 ஆண்டு அதைக் காப்பாற்றுவது யார்? அரசாங்கம் அல்ல. பணக்காரச் சேகரிப்பாளரும் அல்ல. அவர் 50 ஆண்டு ஆன பிறகே வருவார். "விற்க மாட்டேன்" என்று பிடிவாதம் பிடிக்கும் சாதாரண மனிதர்தான் காப்பாற்றுகிறார். வீட்டில் திட்டு வாங்கிக் கொண்டு, இடத்தை அடைத்துக் கொண்டு, துணி போட்டு மூடி வைக்கிறார். அவருடைய பிடிவாதத்துக்குத்தான் பிறகு விலை கிடைக்கிறது. ஆனால் அந்த விலை அவர் கைக்குப் போகிறதா?

கொட்டகையில் ஒரு பேரம்

ஓர் ஊரில் ஒரு பெரியவர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். கொட்டகையில் அவர் அப்பா ஓட்டிய கார் நிற்கிறது. ஒருவர் வந்து பார்க்கிறார்.

"ஐயா, இது இனி ஓடாது. இரும்பு விலைக்குத்தான் போகும். நான் ஒரு 30 ஆயிரம் தருகிறேன்" என்கிறார்.

"வேண்டாம் தம்பி. அப்பா ஞாபகமாக இருக்கட்டும்" என்கிறார் பெரியவர்.

"சரி ஐயா. வண்டி இருக்கட்டும். அந்த முன் விளக்கு இரண்டையும் மட்டும் கொடுங்கள். 2 ஆயிரம் தருகிறேன்."

பெரியவர் விளக்கைக் கொடுக்கிறார். அடுத்த மாதம் அதே ஆள் வருகிறார். கடிகாரப் பலகை போகிறது. பிறகு ஸ்டியரிங் போகிறது. கடைசியில் என்ஜின் போகிறது. ஆறு மாதம் கழித்து, "இனி இதில் என்ன இருக்கிறது ஐயா? கூடுதானே! சும்மா கிடப்பதற்கு 10 ஆயிரம் வாங்கிக் கொள்ளுங்கள்" என்கிறார்.

கூடும் அவர் கைக்குப் போகிறது. எல்லாவற்றையும் தம் பட்டறையில் மறுபடி பூட்டி விடுகிறார். பெரியவர் பார்த்த பணம் கொஞ்சம். வந்தவர் பார்க்கப் போகும் பணம் பல லட்சம்.

இன்னொரு ஆள் வேறு விதமாக வருவார். முதல் நாள் விலையே பேச மாட்டார். "உங்கள் அப்பா இதை எப்போது வாங்கினார் ஐயா?" என்று கேட்பார். உட்கார்ந்து கதை கேட்பார். எண்களைக் குறித்துக் கொள்வார். "இதற்கு இன்ன மதிப்பு இருக்கிறது. செலவு இன்னது ஆகும். அதனால் இவ்வளவு தர முடியும்" என்று கணக்கைத் திறந்து காட்டுவார். "யோசித்துச் சொல்லுங்கள்" என்று போய்விடுவார். பொங்கலுக்கு ஒரு வார்த்தை விசாரிப்பார். கார் கைமாறிய பிறகும், "வந்து பாருங்கள் ஐயா, ஒரு சுற்றுப் போகலாம்" என்று கூப்பிடுவார்.

முதல் ஆளுக்கு ஒரு கார் கிடைக்கும். இரண்டாம் ஆளுக்குப் பத்துக் கார் கிடைக்கும். பெரியவரே அடுத்த தெருவில் இருக்கும் சிநேகிதரிடம் அவரை அழைத்துப் போவார்!

வீட்டில் பழைய கார் இருந்தால்...

அவசரப்படக் கூடாது. முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டும். அதில் உள்ள என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் காரில் உள்ள எண்களோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பழைய ரசீது, இன்சூரன்ஸ் தாள், தாத்தா காரோடு நிற்கும் போட்டோ எதையும் எறியக் கூடாது. அவையும் காரின் மதிப்பைக் கூட்டும்.

உறுப்புகளைத் தனித்தனியாக விற்கக் கூடாது. என்ஜினை இழந்த கார் "விண்டேஜ்" பதிவையும் இழக்கலாம்.

ஒருவர் சொல்லும் விலையை நம்பி முடிவு செய்யக் கூடாது. இரண்டு மூன்று பேரிடம் காட்ட வேண்டும். பழைய கார் சங்கங்களில் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கோவையில் 2015-ல் திறந்த ஜீ டி கார்க் காட்சி சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், பழைய காரை எப்படிப் பேணுவது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

விற்றால் பெயர் மாற்றத்தை முடித்து விட வேண்டும். விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்தது என்றால், விற்றவரும் வாங்கியவரும் 90 நாட்களுக்குள் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால், கார் போன பிறகும் வம்பு வீடு தேடி வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தோடு கலந்து பேச வேண்டும். அப்பாவுக்கு அது நினைவுச் சின்னம். மகனுக்கு அது இடத்தை அடைக்கும் இரும்பு. மகளுக்கு அது படிப்புச் செலவுக்கு ஆகும் பணம். மூன்றும் நியாயமே. பேசாமல் வைத்திருந்தால் கார் துருப்பிடிக்கும். அண்ணன் தம்பி உறவும் துருப்பிடிக்கும்.

விற்பது தவறு அல்ல. விற்காததும் தவறு அல்ல. இன்னது என்று தெரியாமல் விற்பதுதான் தவறு.

கொட்டகைக் கதவைத் திறந்து, தூசியைத் தட்டி, அந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்ளட்டும். பேரம் பேச ஆள் வரும்போது, பெரியவர் கையில் அந்தத் தாள் இருந்தால் போதும். "இரும்பு விலைக்குத்தான் போகும்" என்று சொல்ல வந்தவர், வார்த்தையை மாற்றிக் கொள்வார்!